ஜூ டவுனில் ஒரு ராஜ சாசனம்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ராஜாதிகாரம் என்றவுடன் நமக்குப் படையும் கோட்டையும்தான் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்தது ஒரு செப்பேட்டைப் பற்றி.

சென்ற மார்கழியில் சகதர்மிணியுடன் மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்குப் போயிருந்தேன். தெருக்கோடியில் 1568-இல் கட்டிய பரதேசி யூதர் ஜெபாலயம். அதை ஒட்டியே கொச்சி மகாராஜாவின் அரண்மனையும் பழையன்னூர் பகவதி கோயிலும். நடுவில் ஒரு மதில்தான். (கேரளத்தில் நம்மவர்களையும் பரதேசி பிராமணர் என்றுதான் சொல்வார்கள்.)

இந்த யூதர்கள் போற்றிக் காத்த செப்பேடு, சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் முயிரிக்கோட்டிலிருந்து ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்தது. வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். அஞ்சுவண்ணம் என்ற வணிக உரிமையும் 72 மரியாதைகளும் தரப்பட்டன. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் என்று பெரிய மனிதர்களுக்கே உரியவை! சுங்கமும் கிடையாது. வேணாடு, வள்ளுவநாடு முதலிய நாட்டுத் தலைவர்கள் சாட்சி. நெடும்புறையூர் நாடும் உண்டு. பாலக்காட்டு அங்கத்தினர்கள் நிமிர்ந்து உட்காரலாம், அது உங்கள் பக்கம்தான். ராஜராஜ சோழன் சேரநாட்டின் மேல் படையெடுத்த காலம் அது. கடல் வணிகரின் தயவு மன்னனுக்கும் வேண்டியிருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ராஜாவின் நிழலும் எப்போதும் காப்பாற்றிவிடவில்லை. டச்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று போர்த்துக்கீசியர் 1662-இல் ஜெபாலயத்தைச் சேதப்படுத்தினார்கள். மறு வருஷம் கொச்சி டச்சுக்காரர் வசமானது, ஜெபாலயமும் சீரானது.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. அதே ஜெபாலயத்தில், அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியாருக்கு மற்றவர்களோடு சமமாக உட்கார இடமில்லை. அந்தச் சந்ததியில் பிறந்தவர் ஏ.பி. சேலம். வக்கீல், கொச்சி சட்டசபை அங்கத்தினர், காந்திஜியின் வழியில் நின்றவர். உள்ளேயே சத்யாக்ரஹம் செய்தார். பல வருஷங்கள் ஆயின, அந்தக் கட்டுப்பாடு தளர. ராஜா கொடுத்த மரியாதையை வாங்கிக்கொண்டவர்கள், அதைத் தங்களுக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்ள மனசு வரவில்லை. எங்கள் தாத்தா காலத்து அக்ரஹாரத் தெரு கண்முன் வந்தது. அதில் யாரெல்லாம் நடக்கக்கூடாது என்று இருந்ததும்.

"அவர்கள் எங்கே உட்கார்ந்தார்களாம்?" என்று மனைவி கேட்டாள்.

வெளி அறையின் தரையைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நாங்கள் நின்றுகொண்டிருந்த இடம்.