ஒரு சென்டிமீட்டர் குறைந்த பெட்டி



நிறுவனங்களின் உண்மையான சிக்கல்களைக் கையில் எடுத்து மாணவர்கள் லாஜிஸ்டிக்ஸ் கற்பது பற்றிப் பேச இரண்டு நாள் கூடியிருக்கிறோம். அழைப்பிதழ் இதைப் புதிய கற்பித்தல் முறை என்கிறது. அதில்தான் எனக்குச் சம்மதமில்லை. இந்தத் துறை பிறந்ததே அப்படித்தான்.

லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழிலின் ஆய்வகத்தார் ஒரு கேள்வியோடு பல்கலைக்கழகப் பேராசிரியர் லியோனித் காந்தரோவிச்சைத் தேடி வந்தார்கள். எந்த இயந்திரத்துக்கு எந்த மரத்தைக் கொடுத்தால் உற்பத்தி கூடும்? அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய் அவர் 1939-இல் வெளியிட்ட சிறுநூலில்தான் நேரியல் திட்டமிடலின் தொடக்க வடிவம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வாஷிங்டனில் கப்பல் போக்குவரத்து அலுவலகத்தில் இருந்த பொருளியலாளர் கூப்மன்ஸ், சரக்கை இறக்கிய கப்பல்கள் வெறுங்கப்பலாக ஓடும் தூரத்தை எப்படிக் குறைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டார். 1975-இல் பொருளாதார நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். வண்டித் தடங்களைத் திட்டமிடுவது பற்றி நாம் நடத்தும் பாடத்துக்கு மூலமான டான்ட்சிக், ராம்சர் கட்டுரை 1959-இல் வந்தது. கிடங்கிலிருந்து பெட்ரோல் பங்க்குகளுக்கு டேங்கர் லாரிகளை எப்படி அனுப்புவது என்பதுதான் அதன் பேச்சு. லாரியிலிருந்து கணக்கைத் தனியே பிரித்துக் கரும்பலகைக்குக் கொண்டுவந்தவர்கள் நாம்.

இப்போது மறுபடியும் நிறுவனங்களிடம் போகிறோம், நல்லது. ஆனால் போகிற வழியில் ஒரு காரியம் செய்துவிடுகிறோம். நிறுவனம் தரும் விவரத்தில் விட்டுப்போனதை நாமே நிரப்பி, முரண்பட்டதை நீக்கி, ஒழுங்கான வினாவாக்கி மாணவர் கையில் கொடுக்கிறோம். இதை நிறுத்த வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

ஓர் அனுபவம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு எங்கள் மாணவியர் இருவர் போனார்கள். தூத்துக்குடிக்குப் போகும் கன்டெய்னர்களில் இடம் வீணாகிறது, வாடகை கையைக் கடிக்கிறது என்றது நிறுவனம். கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர். அட்டைப்பெட்டியின் அகலம் 40 சென்டிமீட்டர். குறுக்கே ஐந்து பெட்டி வைத்தால் இரண்டு மீட்டர் போக 35 சென்டிமீட்டர் சும்மா கிடக்கிறது. பெட்டியை 39 சென்டிமீட்டராக்கினால்? ஆறு பெட்டிக்கு 2.34 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மிச்சம்கூட இருக்கிறது! ஐந்து நின்ற இடத்தில் ஆறு. வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

மாதிரிப் பெட்டிகள் வந்தன. ஐந்து ஏறின, ஆறாவது உள்ளே போகவில்லை. லோடுமேன் ஒருவர் சிரித்துக்கொண்டே, “துணி அடைச்ச பெட்டி வயிறு தள்ளும் பாப்பா, அது உங்க ஸ்கேலுக்குத் தெரியாது” என்றார். பெட்டியைச் சுருக்கியதால் அதே எண்ணிக்கை உடுப்புகளை இன்னும் அமுக்கித் திணித்திருந்தார்கள். வயிறு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது.

அதன் பிறகுதான் படிப்பு தொடங்கியது. இருவரும் கன்டெய்னரை விட்டுப் பேக்கிங் மேசைக்குப் போனார்கள். பாலிதீன் பைக்குள் எவ்வளவு காற்று நிற்கிறது, மடிப்பை மாற்றினால் அடுக்கு எவ்வளவு தணிகிறது என்று அளந்தார்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை உருப்படி என்பதை வெளிநாட்டில் வாங்குபவர் தீர்மானிக்கிறார் என்பது அங்கேதான் தெரிந்தது. உருப்படியைக் கொஞ்சம் குறைத்து, பெட்டியை 37 சென்டிமீட்டராக்கினால் ஆறு பெட்டிக்கு 2.22 மீட்டர், வயிறு தள்ள இடம் மிஞ்சும். ஆனால் பெட்டிக்குள் கொள்வது குறையும், அட்டைச் செலவு ஏறும், வாங்குபவர் சம்மதிக்க வேண்டும். அவருக்குக் கடிதம் போயிற்று. பதில் வருவதற்குள் பருவத் தேர்வு வந்துவிட்டது.

நம் மதிப்பெண் படிவத்தில் ‘கிடைத்த பயன்’ என்றொரு கட்டம் உண்டு. அவர்கள் அதைக் காலியாக விட்டிருந்தார்கள். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை சதவீதம் மிச்சம்?” அதே நாளில் வேறொரு குழு ‘18 சதவீதம்’ என்று எழுதி, கூடுதல் மதிப்பெண்ணோடு போனது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கல்லூரிகளைச் சுற்றி ப்ராஜெக்ட் விற்கும் கடைகள் எதை நம்பிப் பிழைக்கின்றன என்று இனி வியக்க வேண்டாம்.

அடுத்தது, நேரம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1988-இல் உற்பத்தித் தலைவர்களை உருவாக்க ஒரு திட்டம் தொடங்கியது. அதில் மாணவர் ஆறு மாதம் நிறுவனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்; ஆய்வேடும் அந்த வேலையிலிருந்துதான் பிறக்கும். நம்மில் பலர் வாரத்தில் ஒரு பிற்பகலைக் கொடுத்துவிட்டு அதே விளைச்சலை எதிர்பார்க்கிறோம். ஆறு மாதம் நம்மால் உடனே முடியாது என்பது எனக்குத் தெரியும். அடுத்தடுத்த இரண்டு பருவங்களுக்கு ஒரே சிக்கலை நீட்டிக்கலாமே. அதற்குப் பெரிய நிதி ஒன்றும் வேண்டாம்.

நிறுவன நண்பர்களிடம் ஒன்று. வாடிக்கையாளர் பெயரை மறையுங்கள், கட்டணத்தையும் மறையுங்கள். லாரி எத்தனை மணிக்கு வந்து நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பதை மட்டும் மறைக்காதீர்கள். பாதிச் சிக்கல் அந்த இரண்டு நேரங்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது. மாணவரை மனிதவளத் துறையில் உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்புவதற்குப் பதிலாக, கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

நாளைப் பிற்பகல் மதிப்பீடு குறித்த அமர்வு. அங்கே என் முன்மொழிவு இது: நூறில் நாற்பது, சிக்கல் இன்னது என்று கண்டுபிடித்ததற்கு; முப்பது, களத்தில் தானே திரட்டிய அளவுகளுக்கு; எடுபடாத தீர்வு ஏன் எடுபடவில்லை என்று காட்டினாலும் மீதி முப்பதும் உண்டு. தேர்வுத் துறையினர் முன்வரிசையில் தலையாட்டுவது தெரிகிறது, சம்மதத் தலையாட்டல் மாதிரி இல்லை. நாளை வாதாடுவோம். இப்போது முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.