ஜலபயமும் அதை நீக்கும் மார்க்கமும்

(கிராம மகாஜனங்களின் கூட்டமொன்றில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சங்கத்தின் கணக்குப் புஸ்தகங்களைப் பரிசோதிக்க வருகிற நான் இன்று குளத்தையும் கிணற்றையும் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களிற் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுப்பது சங்கத்தின் வேலை. ஆனால் அந்தப் பயிரை நாளை அறுக்க வேண்டிய பிள்ளை கோடை விடுமுறையிலே கிணற்றோடு போய்விட்டானாகில், அந்த வீட்டின் நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது? ஆகையால் நீரில் மூழ்குவதைப் பற்றியும், மூழ்கிப் பிழைத்தவர்களைப் பிடிக்கும் பயத்தைப் பற்றியும், அப்பயத்தை நீக்கும் மார்க்கத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசிக்கிறேன்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ம் வருஷத்தில் மாத்திரம் உலகில் சுமார் 3 லக்ஷம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் 5 வயது நிறையாத குழந்தைகள். பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட மரணங்கள் வருமானம் குறைந்த, அல்லது நடுத்தரமான தேசங்களில் நேர்ந்தவை. நம் பக்கத்திலே இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சுற்றுச்சுவரில்லாத பாசனக் கிணறு, கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட குட்டை, மணல் அள்ளியதால் ஆற்றில் உண்டான மடு, சேறு நிறைந்த ஏரி, இவற்றில் ஒன்றாவது இல்லாத கிராமம் அரிது.

முதலாவது, மூழ்குவது எவ்விதம் நேருகிறது என்பதை அறிய வேண்டும். மூழ்குகிறவன் கூச்சலிடுவான், கையை வீசி அழைப்பான் என்று எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படி நேருவதில்லை. அவன் வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் கணத்தில் மூச்சு வாங்கவே நேரமுண்டு, கூவ நேரமில்லை. கைகள் இரு பக்கமும் நீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். அவற்றைத் தூக்கி அசைக்க அவனால் இயலாது. பத்தடி தூரத்தில் நிற்பவன் அதை விளையாட்டென்று நினைப்பான். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடவுங்கூடும்.

இரண்டாவது, மனித சரீரம் தானாகவே நீரில் மூழ்கிப்போகும் இரும்புத் துண்டல்ல. அதன் கனம் ஏறக்குறைய நீரின் கனமே. நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் மிதப்பார்கள். ஆனால் மிதக்கும்போது நீருக்கு மேலே நிற்கக்கூடியது சரீரத்தின் ஒரு சிறு பாகமே. பயந்தவன் இரு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கினால் அந்தச் சிறு பாகம் கைகளாகிவிடும். தலை கீழே போய்விடும். மல்லாந்து படுத்துக் காதுகள் நனையத் தலையைச் சாய்த்தால் அந்தச் சிறு பாகம் முகமாக இருக்கும், மூச்சு நிற்காது. ஆகவே மூழ்குவதற்கு நீரின் ஆழத்தைப்போலவே மனத்தின் கலக்கமும் காரணமாகிறது.

இனி, ஒரு முறை மூழ்கிப் பிழைத்த பிள்ளையை நாம் எப்படி நடத்துகிறோம்? இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, நீர்க்கரைப் பக்கமே போகாதே என்று ஆணையிட்டுத் தடுத்துவிடுவது. இது அன்பினால் செய்வது. ஆனால் பலன் விபரீதமானது. கழனிக்குப் போகும் வழியில் வாய்க்காலும், வீட்டுக்குப் பின்னால் கிணறும் இருக்கும் ஊரில் ஒருவன் ஆயுள் முழுவதும் நீரை விலக்கி வாழ முடியாது. என்றேனும் ஒரு நாள் கால் சறுக்கும். அன்றைக்கு ஊரிலே மிதக்கத் தெரியாதவன் அவன் ஒருவனாகவே இருப்பான். மற்றொன்று, பயம் தெளியட்டும் என்று பிடித்து ஆழத்தில் தள்ளிவிடுவது. இதனால் சிலர் நீந்தக் கற்றதுண்டு. அதைத்தான் நாம் பேசுகிறோம். பயம் இரட்டித்தவர்கள் பேசுவதில்லை. உயிர் விட்டவர்கள் பேச முடியாது.

எனக்கு 11 வயதில் பாசி படர்ந்த படியில் கால் சறுக்கிப் பக்கத்து வயற்கிணற்றில் விழுந்தேன். தாய்மாமன் குதித்து, தலைமயிரைப் பற்றி இழுத்துக் கரையேற்றினார். அதன்பின் பதினைந்து வருஷகாலம் குடத்து நீரன்றி வேறு நீரில் குளித்ததில்லை. உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு ஒரு சங்கத்துக்குப் பரிசலில் ஆற்றைக் கடந்து போக வேண்டியதாயிற்று. அக்கரை சேர்ந்த பின்னும் பரிசலின் விளிம்பிலிருந்து என் விரல்களைப் பிரிக்க இயலவில்லை. பரிசற்காரர் அதைக் கண்டு நகைக்கவில்லை. “ஐயா, நாளைக் காலையில் துறைக்கு வாருங்கள். முழங்கால் மட்டும் இறங்கினால் போதும், மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம்” என்றார். நாற்பது நாட்களில் மிதக்கக் கற்றேன்.

படித்தவர்க்கும் பதவியிலுள்ளவர்க்கும் இப்பயம் உண்டு. 1939 முதல் 1975 வரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த வில்லியம் டக்ளஸ் என்பவரைச் சிறு வயதில் ஒரு முரடன் நீச்சற்குளத்தின் ஆழமான பக்கத்தில் தூக்கி எறிந்துவிட்டான். உயிர் தப்பினார், ஆயினும் வெகு காலம் வரையில் படகும் மீன்பிடிப்பும் அவருக்கு நடுக்கத்தையே தந்தன. பெரியவரான பின் ஓர் ஆசிரியரை அமர்த்திக்கொண்டார். ஆசிரியர் அவர் இடுப்பில் வாரைக் கட்டி, அதிற் கோத்த கயிற்றை மேலே ஓடும் கப்பியில் மாட்டி, ஒரு முனையைத் தம் கையில் பிடித்துக்கொண்டு பழக்கினார். மாதங்கள் பல சென்றே பயம் தளர்ந்தது. இதை அவரே 1950-ல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். கயிறும் கப்பியும் நம் கிணறுகளுக்குப் புதியனவல்ல. பொறுமைதான் நாம் சேர்க்க வேண்டியது.

பழக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடி தெரிந்த, ஓட்டமில்லாத, இடுப்பளவு நீரைத் தெரிந்துகொள்ள வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் வேறு வேலையின்றிக் கூடவே நிற்க வேண்டும்.

1. முகத்தை நீரில் அமிழ்த்தி மூக்காலும் வாயாலும் மூச்சை விட்டு, தலையைத் தூக்கி மூச்சு வாங்குதல். இதைத் தினந்தோறும் பல தடவை செய்து, பல்லைக் கடிக்காமல் செய்யும் வரையில் அடுத்த படிக்குப் போகலாகாது.

2. மல்லாந்து மிதத்தல். பழக்குகிறவர் ஒரு கையைப் பிடரியிலும் ஒரு கையை முதுகிலும் தாங்கி, பழகுகிறவன் சொன்ன பிறகே சிறிது சிறிதாக விலக்க வேண்டும்.

3. படியைப் பற்றிக்கொண்டு கால்களை அடித்தல்.

4. முதுகில் சுரைக்குடுக்கையோ, இறுக மூடிய காலி டப்பாவோ கட்டி, இடுப்பில் கயிற்றோடு நீந்துதல்.

5. கடைசியாகவே ஆழம்.

விளையாட்டுக்காகவேனும் சொல்லாமல் கையை எடுப்பதும் கயிற்றைத் தளர்த்துவதும் கூடாது. ஒரு நாள் வார்த்தை தவறினால் ஒரு மாதத்து உழைப்பு வீணாகும். கடன் விஷயத்தில் நாணயம் எப்படியோ அப்படியே இதிலும்.

பயம் வேறு, எச்சரிக்கை வேறு. பயம் நீங்கியவனும் வெள்ளத்திலும், சுழலிலும், மது அருந்திய நிலையிலும் இறங்கலாகாது. காக்கைவலிப்புள்ளவர் தனியே குளிக்கலாகாது.

ஒருவன் மூழ்குவதைக் கண்டால் உடனே பாய்ந்துவிடாதீர்கள். காப்பாற்றப் போனவனும் சேர்ந்து மாண்ட துக்கம் பல ஊர்களில் உண்டு. மூங்கிற்கழி, கயிறு, முறுக்கிய வேஷ்டி அல்லது புடவை, இவற்றில் ஒன்றை நீட்டுங்கள். மூடிய 10 லிட்டர் காலி டப்பா ஏறக்குறைய 10 கிலோ கனத்தைத் தாங்கும். ஒருவன் முகத்தை நீருக்கு மேலே நிறுத்த அது போதும்.

கரையேற்றியவனைத் தலைகீழாய்ப் பிடிப்பதும், தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் தவறான பழக்கங்கள். அவனுக்கு வேண்டியது காற்று. மூச்சற்றுக் கிடந்தால் சமதரையில் மல்லாத்தி, ஒருவரை 108-க்குத் தெரிவிக்கச் சொல்லி, தலையைப் பின்னே சாய்த்து, மூக்கை மூடி, மார்பு உயரும்படி வாயோடு வாய் வைத்து 2 முறை ஊதுங்கள். பிறகு மார்பின் மத்தியில் 30 தடவை அமுக்கி மீண்டும் 2 மூச்சு. பெரியவர்க்கு 2 அங்குல ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற கணக்கில், உதவி வரும் வரையில் நிறுத்தாதீர்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்; சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரக்கூடும்.

இவற்றையெல்லாம் தனி மனிதன் செய்வது கடினம். ஊர் கூடினால் எளிது. நம்மைப்போலவே நீர்நிலைகள் மலிந்த வங்காளதேசத்தில் கிராமக் குளங்களிலேயே மூங்கிலால் மேடை அமைத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பித்தார்கள். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது மிகவும் குறைந்தது. நாமும் மூங்கிலுக்கு எங்கும் போக வேண்டியதில்லை.

ஆகையால் இக்கூட்டத்தார் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒவ்வொரு துறையிலும் பொதுக்கிணற்றிலும் ஒரு கயிறு, ஒரு கழி, ஒரு டப்பா எப்போதும் இருக்கட்டும். திறந்த கிணறுகளுக்குச் சுவர் எழும்பட்டும். நீந்தத் தெரியாத பிள்ளைகளின் ஜாபிதா ஒன்று தயாராகட்டும். மூழ்கிப் பிழைத்தவர்களின் பெயர் அதில் முதலாவதாக இருக்கட்டும். துணி துவைக்கவும் நீர் சுமக்கவும் அதிகமாய்க் கரைக்குப் போகிறவர்கள் பெண்கள்; அப்படியிருக்க நீச்சலை ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் கற்பிப்பது நியாயமன்று. நீந்தத் தெரிந்த தாய்மார்கள் முன்வந்து பெண்குழந்தைகளுக்குக் கற்பிக்கட்டும்.

2021 முதல் ஐக்கிய நாடுகள் சபையார் ஜூலை 25-ந் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் தினமாக அநுஷ்டிக்கிறார்கள். அந்தத் தேதிக்குச் சில தினங்களுக்குப் பின் நமக்கு ஆடிப்பெருக்கு வருகிறது. ஆற்றை வணங்கப் போகும் அந்த நாளுக்குள், ஜாபிதாவில் உள்ள ஒரு பிள்ளையாவது நீரில் முகம் அமிழ்த்தி நிமிர்ந்து மூச்சு வாங்கக் கற்றுவிட்டால், இன்று இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டிருந்ததன் பலன் கைகூடியதாகும்.