பழைய வண்டியும் உண்மையின் விலையும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறருக்கு வினாத்தாள் தயாரித்தவன் நான். ஓய்வு பெற்ற பின்னர் எனக்கே ஒரு வினாத்தாள் வந்து சேர்ந்தது. அதில் இருந்தது ஒரே வினா: முன்பு ஒருமுறை என்ஜின் பழுதான பழைய காரை விலை கொடுத்து வாங்கலாமா, கூடாதா? அதற்கு நான் விடை தேடிய கதையை இன்று சொல்லுகிறேன்.

நான் வாழ்வது விழுப்புரத்தில். என் மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது திண்டிவனத்தில். இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். என் துணைவியாருக்கு மூட்டுவலி. பேருந்தின் படி ஏறுவதே அவருக்கு மலையேற்றம். புதிய கார் வாங்க என் சேமிப்பு இடம் தரவில்லை. ஆகவே பழைய காரைத் தேடினேன்.

முதலில் விழுப்புரத்திலேயே ஒரு தரகர் ஒரு வண்டியைக் காட்டினார். "குறையே இல்லாத வண்டி சார்" என்றார். "என்ஜினை எப்போதாவது பிரித்ததுண்டா?" என்று கேட்டேன். அவர் டயர்களின் புதுமையைப் பற்றிப் பேசினார். மீண்டும் கேட்டேன், இருக்கை உறையின் அழகைக் காட்டினார். வணங்கி விடைபெற்றேன்.

அடுத்து, திண்டிவனத்தில் ஒரு வண்டி இருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். அதன் உரிமையாளர் நான் வாய் திறக்குமுன்பே, "ஐயா, ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோடையில் இதன் என்ஜின் சூடேறி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் போய், புதிதாக மாற்றினேன். அதை எண்ணித்தான் விலையையும் குறைத்துச் சொல்லுகிறேன்" என்று கூறி, பழுது பார்த்த ரசீதுகளை எடுத்து வைத்தார்.

ஹெட் கேஸ்கெட் என்பது யாது? என்ஜினின் உடற்பகுதிக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவே வைத்து இறுக்கப்படும் மெல்லிய தகடு அது. எரியும் வாயுவையும், மசகு எண்ணெயையும், கூலண்ட் எனப்படும் குளிர்விக்கும் நீர்மத்தையும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதன் வேலை. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறினால், அலுமினியத்தாலான தலைப்பகுதி சற்றே வளைந்துவிடும், தகடு கெடும், நீர்மம் எண்ணெயில் கலக்கும். தகட்டை மட்டும் மாற்றினால் போதாது. வளைந்த பரப்பையும் கடைந்து சமன் செய்ய வேண்டும். இல்லையேல் நோய் திரும்பி வரும்.

என் பழைய மாணவர் ஒருவர் மெக்கானிக்காக இருக்கிறார். அவரை அழைத்துச் சென்றேன். பரப்பைச் சமன் செய்த கூலி ரசீதில் இருக்கிறதா என்று அவர் முதலில் பார்த்தார், இருந்தது. பிறகு பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். "சார், முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சில குறைகள் வெளியே தெரியாது" என்றார். வண்டி குளிர்ந்தே இருந்தது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் படிவு உண்டா எனப் பார்த்தார், இல்லை. கூலண்டில் குமிழிகள் எழுகின்றனவா, புகைக்குழாயில் வெண்புகை ஓயாமல் வருகிறதா என்று நோக்கினார், அவையும் இல்லை. பதிவுச் சான்றிலுள்ள என்ஜின் எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டார். பின்னர் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் வரை ஓட்டித் திரும்பினோம். வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது. என்ஜின் நன்கு ஆறிய பின் கூலண்டின் அளவை மறுபடி பார்த்தார், குறையவில்லை.

"வாங்கலாம் சார்" என்றார் அவர். உடனே மாப்பிள்ளை என்னைத் தனியே அழைத்து, "மாமா, குறையை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். இன்னும் இருபதாயிரம் குறைத்துக் கேளுங்கள்" என்றார். அவர் சொன்னதில் உலக வழக்குக்கு மாறானது ஒன்றும் இல்லை. ஆயினும் என் மனம் தயங்கியது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் இயற்றப்பெற்றது. அதன் 17-ஆம் பிரிவில் ஒரு குதிரை வருகிறது. குதிரை குறையுள்ளது என அறிந்த ஒருவர், அதைச் சொல்லாமல் ஏலத்தில் விற்கிறார். வாய் திறவாமை மட்டுமே மோசடி ஆகாது என்கிறது சட்டம். ஆனால் வாங்குபவர், "நீர் மறுக்காவிடில் குதிரை நலமானது என்றே கொள்வேன்" என்று கூறி, விற்பவர் அப்போதும் வாளாவிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் ஆகிறது. கேட்பவனுக்கே சட்டம் துணை நிற்கிறது. கேளாமலே சொன்ன திண்டிவனத்து அன்பரோ, சட்டம் கேட்டதற்கும் மேலே சென்றவர்.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர், 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பழுதான காரை அந்நாட்டார் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்பர். நல்ல வண்டி எது, எலுமிச்சை எது என வாங்குவோர்க்குத் தெரியாதபோது, எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையே தர முன்வருவர். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க யார் வருவார்? நல்லவை விலகும், எலுமிச்சைகள் மிஞ்சும். இத்தகைய ஆய்வுகளுக்காக 2001-இல் வேறு இருவரோடு அவர் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் அன்று என்னைத் தயங்க வைத்தது பொருளியல் அன்று. ஒரு பழைய நினைவு. நான் தலைமையாசிரியரான புதிதில், ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் கருவி உடைந்தது. "நான்தான் உடைத்தேன், சார்" என்று ஒரு மாணவன் தானே வந்து நின்றான். நான் அவனுக்கு அபராதம் விதித்தேன். அடுத்த மாதம் மற்றொன்று உடைந்தது, யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு பல கருவிகள் உடைந்தன, ஒருவரும் வரவில்லை. மௌனம் சாதிக்க அந்தப் பள்ளிக்குப் பாடம் நடத்தியவன் நான்தான். அந்தப் பிழையை உணர எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

குறைக்கு உரிய கழிவை அந்த அன்பர் முன்பே கொடுத்துவிட்டார். மீண்டும் குறைத்துக் கேட்டால், அது வண்டியின் குறைக்காக அன்று. உண்மை சொன்னதற்காக நான் விதிக்கும் அபராதம். அடுத்த வண்டியை விற்கும்போது அவரும் டயர்களைப் பற்றியே பேசக்கூடும். ஆகவே கேட்ட விலையையே கொடுத்தேன். உரிமை மாற்றத்துக்குரிய 29, 30 எண் படிவங்களில் இருவரும் கையெழுத்திட்டோம். பழுது வந்தால் செலவிடச் சிறு தொகையைத் தனியே எடுத்து வைத்தேன். மாப்பிள்ளைக்கு இதில் இன்றும் முழு உடன்பாடு இல்லை.

வண்டி இப்போது ஓடுகிறது. நாளை நின்றாலும் நிற்கலாம்; அது இயந்திரம். அப்படி நின்றாலும், ஏமாற்றப்பட்டேன் என்று நான் சொல்ல இயலாது.

மாணவர்களே, நீங்களும் நாளை பலவற்றை வாங்குவீர்கள், விற்பீர்கள். வாங்கும்போது கூச்சமின்றிக் கேளுங்கள். சொன்னதை நம்புவதோடு நில்லாமல் சோதித்தும் பாருங்கள். ஒருவர் தம் குறையைத் தாமே சொன்னாராயின், அதைக் காட்டி அவரை மேலும் தாழ்த்தாதீர்கள். விற்கும் முறை உங்களுடையதாகும்போது, அந்தத் திண்டிவனத்து அன்பரை நினைத்துக்கொள்ளுங்கள்.