தோட்டில் இருப்பது எந்த வைரம்?



கல்யாண சீசன் வந்தால் நம் குழுக்களில் உள்கடன் கேட்கும் காரணங்களில் நகையும் ஒன்று. பவுன் விற்கிற விலைக்கு, "தங்கத்தைக் குறைச்சு வைரக்கல் தோடா எடுத்துடலாமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

'அமெரிக்கன் டைமண்ட்' என்பது பெயரில்தான் டைமண்ட். அது சிர்கோனியா என்ற வேறு கல். அதன் மேல் வாயால் ஊதினால் ஆவி கொஞ்ச நேரம் நிற்கும்; வைரத்தில் உடனே மறைந்துவிடும். மொய்சனைட் என்று இன்னொன்று உண்டு. கடையில் பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லில் தொட்டு, சத்தம் வந்ததும் "பாருங்கம்மா, அசல்" என்பார்கள். அந்தப் பேனா பார்ப்பது கல்லில் சூடு எப்படிப் பரவுகிறது என்பதை மட்டுமே. மொய்சனைட்டும் அதில் தேறிவிடும். ஆனால் 10 மடங்கு லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் அதன் பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும்.

சிக்கல் ஆய்வக வைரத்தில்தான் இருக்கிறது. பூமிக்குள் 150 கிலோமீட்டர் ஆழத்தில், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் உருவானதை இன்று மெஷினில் சில வாரங்களில் வளர்க்கிறார்கள். சூரத்தில் இது பெரிய தொழில். இந்த ஆராய்ச்சிக்காக 2023-இல் மத்திய அரசு சென்னை ஐ.ஐ.டி.க்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதுவும் கார்பன், இதுவும் கார்பன். ஊதிப் பார்த்தாலும் பேனா வைத்தாலும் ஒரே பதில்தான் வரும். அனுபவப்பட்ட ஆசாரிக்கும் வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. கல் வளர்ந்த விதத்தைக் காட்டும் ஆய்வகக் கருவிகள்தான் பிரிக்கும்.

ஆய்வக வைரம் போலி இல்லை. ஆசைக்குப் போட்டுக்கொள்ள நல்ல கல்தான். ஆனால் விலை இயற்கை வைரத்தில் ஒரு சிறு பங்கு. அதுவும் வருஷத்துக்கு வருஷம் இறங்கி வந்திருக்கிறது. இயற்கை வைரத்தின் விலையைக் கொடுத்து இதை வாங்கி வருவதுதான் நஷ்டம். எனவே பில்லில் 'டைமண்ட்' என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள். இயற்கையா, ஆய்வகமா, எத்தனை காரட் என்று எழுதச் சொல்லுங்கள். சான்றிதழும் கேளுங்கள். கொஞ்சம் பெரிய கல்லானால் அதன் ஓரத்தில் பொறித்த எண் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று லென்ஸில் காட்டச் சொல்லுங்கள். "ஹால்மார்க் இருக்கே" என்று சமாளித்தால், அது தங்கத்துக்கு, கல்லுக்கு இல்லை என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. நகைக்கடனுக்குப் போனால் மதிப்பீட்டாளர் கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் கணக்குப் போடுவார். கல் எந்த வைரமாக இருந்தாலும் அங்கே மதிப்பு பூஜ்யம்.

நகைக்காக உள்கடன் தீர்மானம் எழுதும்போது தங்கத்துக்கு எவ்வளவு, கல்லுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுத ஊக்குநர்களிடம் சொல்லியிருக்கிறோம். வைர நகை பில் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.