விழுவதும் எழுவதும்



ஆலங்குளம் கடைத்தெருவில் ஒருநாள் நண்பகல் வெயிலில் நான் தள்ளாடி விழுந்தேன். கண்டவர் சிலர் குடிமயக்கம் என்றெண்ணி விலகிச் சென்றனர். என்னை வீழ்த்தியது மதுவன்று. ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்னும் நரம்பு நோய்.

மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல் நம் நரம்புகளுக்கும் ஓர் உறை உண்டு. உடலின் காவலாற்றலே அவ்வுறையைச் சிதைத்துவிடுவது இந்நோய். 1868இல் பாரிஸ் நகர மருத்துவர் ஷார்க்கோ இதனைத் தெளிவுற விளக்கினார். மூளை இடும் கட்டளை கால்களுக்குத் தாமதித்துச் சேர்கிறது. உடற்சூடு ஏறினால் தடுமாற்றம் மிகுகிறது. நம் பக்கத்து வெயிலை நீங்கள் அறிவீர்கள்!

ஆதலால் காலையிலும் மாலையிலுமே வெளியே செல்கிறேன். குளியலறையில் ஈரம் தேங்க விடுவதில்லை. சுவரில் கைப்பிடி பதித்திருக்கிறேன். இரவில் சிறு விளக்கொன்று எரிகிறது. கைத்தடியை நாணத்தால் ஓராண்டு ஒதுக்கினேன். அந்த ஓராண்டில்தான் மிகுதியாக விழுந்தேன்.

விழுந்துவிட்டால் பதறி எழுவதில்லை. வலி கடுமையாயின் அசையாமல் உதவிக்கு அழைப்பேன். இல்லையெனில் ஒருக்களித்து, முழந்தாளிட்டு, உறுதியான நாற்காலியைப் பற்றி எழுவேன்.

உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். விழுந்தவரை எள்ளவும் வேண்டா. கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டா. “நான் என்ன செய்யட்டும்?” என்று கேளுங்கள். அன்று ஒரு பள்ளிச் சிறுவன் அவ்வாறு கேட்டான். கடையிலிருந்து நாற்காலி ஒன்றைக் கொணர்ந்தான். அதனைப் பற்றியே நான் எழுந்தேன்.