தவழும் குழந்தைக்குத் தடுப்பு வேண்டுமா?

குழந்தை தவழத் தொடங்கியதும் பல வீடுகளில் எழும் கேள்வி, பிளேபென் எனும் தடுப்புக் கூண்டை வாங்கலாமா என்பது. கடைக்குப் போகும் முன், தரையில் உட்கார்ந்து குழந்தையின் உயரத்திலிருந்து வீட்டை ஒருமுறை பாருங்கள். பிளக் பாயிண்ட், படிக்கட்டு, மேசையில் தொங்கும் அயர்ன்பாக்ஸ் வயர் எல்லாம் கண்ணில் படும். எனக்கு அதிகம் பயம் தருவது குளியலறை வாளிதான். இந்த வயதில் தலைதான் கனம். வாளிக்குள் தலைகுப்புறக் கவிழ்ந்தால் குழந்தையால் எழ முடியாது, கத்தவும் முடியாது. சில அங்குலத் தண்ணீரே உயிரைப் பறித்துவிடும். வாளியைக் காலிசெய்து கவிழ்த்து வையுங்கள், கதவைத் தாழிடுங்கள். இதற்குச் செலவே இல்லை.

பாட்டியோ அத்தையோ கூடவே இருக்கும் வீட்டுக்கு பிளேபென் அவசியமில்லை. ஒருவரே சமைத்துக்கொண்டு குழந்தையையும் பார்க்க வேண்டுமென்றால், தாராளமாக வாங்கலாம். கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. உள்ளே பெரிய பொம்மை, தலையணை போடாதீர்கள்; குழந்தை அதன்மேல் ஏறி வெளியே விழும். வேலை முடிந்த உடனே குழந்தையைத் தரையில் விடுங்கள். அது தவழ்ந்து பழக வேண்டிய வயது.