தட்டுப்பாடு யாருக்கு?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

ஒரு தேசம் தான் சேர்ந்திருந்த வர்த்தகக் கூட்டிலிருந்து விலகிக்கொண்டால், மறுநாள் காலை கடையில் சாமான் இருக்குமா? மருந்து கிடைக்குமா? இந்தப் பயம் பிரிட்டனை மூன்று நான்கு ஆண்டுகள் ஆட்டி வைத்தது. அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பித்தலாட்டம், கடைசியில் சுமை யார் தலையில் விழுந்தது என்று இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

முதலில் விவரம். 1973 ஜனவரி 1-ந் தேதி பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. அது பின்னால் ஐரோப்பிய யூனியன் ஆயிற்று. 2016 ஜூன் 23-ந் தேதி நடந்த பொதுஜன வாக்கெடுப்பில், விலகவேண்டும் என்று 51.9 சதவிகிதம் பேரும், இருக்கவேண்டும் என்று 48.1 சதவிகிதம் பேரும் வாக்களித்தனர். 2020 ஜனவரி 31-ந் தேதி பிரிட்டன் விலகியது. ஆனால் பழைய வர்த்தக விதிகள் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீடித்தன.

விலகினால் ஏன் தட்டுப்பாடு வரும்? பிரிட்டன் ஒரு தீவு. தான் தின்னும் உணவில் ஏறக்குறையப் பாதியைத்தான் அது விளைவிக்கிறது. கால் பங்குக்கு மேல் ஐரோப்பிய யூனியன் நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் தக்காளியும் கீரையும் ஸ்பெயினிலிருந்து வரவேண்டும். டோவர் துறைமுகத்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடல் 21 மைல்தான். அந்தத் துறைமுகத்தைக் கடக்கும் லாரிகளோ, நெரிசல் நாளில் 10,000 வரை. சுங்கப் பரிசோதனை இல்லாதவரை லாரி வந்தது, கப்பலில் ஏறிற்று, போயிற்று. கூட்டிலிருந்து விலகினால் ஒவ்வொரு லாரிக்கும் காகிதம், முத்திரை, பரிசோதனை. லாரிக்குச் சில நிமிஷம் தாமதமானாலும் பின்னால் மைல் கணக்கில் வரிசை நிற்கும்.

சரி, நின்றால் நிற்கட்டுமே, கிடங்கில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கிடங்கில் இருப்பே இல்லை! கிடங்கில் கிடக்கும் சரக்கு முதலாளியின் கண்ணுக்குச் சரக்கு அல்ல. வேலை செய்யாமல் தூங்குகிற பணம். ஆகவே இருப்பைக் குறைத்தார்கள், கிடங்கைச் சுருக்கினார்கள். காலையில் வரும் காய் மாலையில் விற்கவேண்டும். மோட்டார்த் தொழிற்சாலைக்கு வேண்டிய பாகம் பூட்டுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் வந்தால் போதும். இதற்கு நவீன நிர்வாகம் என்று பெயர். லாபம் கம்பெனிக்கு, ஆபத்து ஊர் ஜனங்களுக்கு.

2018 ஆகஸ்டில் பிரிட்டிஷ் சர்க்கார், வழக்கத்துக்கு மேல் 6 வாரத்துக்கான மருந்தைச் சேர்த்து வைக்கும்படி மருந்துக் கம்பெனிகளைக் கேட்டது. நீரிழிவு நோயாளிகளுக்கு உயிர் மருந்தான இன்சுலின் அந்த நாட்டுக்கு ஏறக்குறைய முழுவதும் வெளியிலிருந்தே வருகிறது. அன்று பிரதமராயிருந்த தெரேசா மேயே இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்தான்.

2019-ல் சர்க்கார் ரகசியமாக ஒரு மதிப்பீடு தயாரித்தது. 'எல்லோஹேமர்' என்று ஒரு பறவையின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த ஆகஸ்டில் அது பத்திரிகைக்குக் கசிந்தது. பார்லிமெண்ட் வற்புறுத்திய பிறகு செப்டம்பர் 11-ந் தேதி வெளியிட்டார்கள். உடன்பாடு இல்லாமல் விலகினால், மோசமான நிலையில், கால்வாயைக் கடக்கும் லாரிப் போக்குவரத்து வழக்கத்தில் 40 முதல் 60 சதவிகிதமாகக் குறையக்கூடும். ஒரு லாரி இரண்டரை நாள் வரை காத்துக்கிடக்க நேரலாம். சில வகைப் புதிய உணவுப் பொருள்களின் வரத்துக் குறையும் என்று அதில் கண்டிருந்தது. நாடு முழுவதும் உணவே இல்லாமல் போய்விடும் என்று அதில் இல்லை. ஆனால் இன்னொன்று இருந்தது. உணவு விலையும் எரிபொருள் விலையும் ஏறினால் குறைந்த வருமானக்காரர்கள்தான் மற்றவர்களைவிட அதிகம் அடிபடுவார்கள் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருந்தது.

தோழர்களே, இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பணமுள்ளவன் பீதி வந்ததும் இரண்டு மாதச் சாமானை வாங்கி அடுக்கினான். வாரக் கூலிக்காரன் எதை வைத்து அடுக்குவான்? அவன் வீட்டு அலமாரி அன்றாடம் காலியாகிறது. அவனுக்கு டோவரில் லாரி நிற்கும் முன்பே தட்டுப்பாடுதான்.

இருக்கவேண்டும் என்றவர்களில் பெரிய பாங்கிக்காரர்களும் ஏற்றுமதி முதலாளிகளும் முன்னே நின்றார்கள். "ஏழைகளுக்கு உணவு கிடைக்காதே" என்று கண்ணீர் வடித்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்! விலகவேண்டும் என்றவர்கள் மட்டும் யார்? அங்கும் கோடீஸ்வரர்கள். வெளிநாட்டுத் தொழிலாளியை விரட்டினால் பிரிட்டிஷ் தொழிலாளிக்குப் பாலும் தேனும் ஓடும் என்று பசப்பினார்கள். வாக்களித்த சாமான்ய ஜனங்கள் வேறு. ஆலை மூடிப்போன ஊர்களில், வருஷக்கணக்காகக் கேட்பாரற்றுக் கிடந்த கோபத்தையும் பலர் பெட்டியில் போட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதைத் தங்கள் வண்டியில் பூட்டிக்கொண்டவர்கள்தான் வேறு ஆட்கள்.

இது புதிய சண்டை அல்ல. 1846-ல் பிரிட்டன் தானியச் சட்டங்களை ரத்துச் செய்தது. வெளிநாட்டுத் தானியம் தாராளமாக வந்து ரொட்டி மலிந்தால் தொழிலாளி வாழ்வான் என்று ஆலை முதலாளிகள் முழங்கினார்கள். ரொட்டி மலிந்தால் கூலியையும் மலிவாக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 1848 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் நகரில் சுதந்திர வர்த்தகம் பற்றிப் பேசிய மார்க்ஸ், இது யாருடைய சுதந்திரம் என்று கேட்டார். தொழிலாளியைக் கசக்க மூலதனத்துக்குக் கிடைக்கும் சுதந்திரம் என்று விளக்கினார். அதற்காகக் காப்பு வரி முதலாளிகளின் பக்கமும் அவர் சாயவில்லை. வாசல் திறந்தாலும் மூடினாலும், வாசலின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே நம் கேள்வி.

பயத்தில் பணம் பண்ணியவர்களும் உண்டு. 2018 டிசம்பர் கடைசியில், கூடுதல் கப்பல் போக்குவரத்துக்காக சர்க்கார் மூன்று கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. அதில் ஒரு கம்பெனிக்கு 1 கோடியே 38 லட்சம் பவுன். அந்தக் கம்பெனியிடம் ஒரு கப்பல்கூடக் கிடையாது! விஷயம் சந்தி சிரித்து 2019 பிப்ரவரியில் அந்த ஒப்பந்தம் ரத்தாயிற்று. ஒப்பந்தம் கொடுத்த முறை சரியில்லை என்று கால்வாய்ச் சுரங்க ரயில் கம்பெனி வழக்குப் போட, அதைத் தீர்த்துக்கொள்ள சர்க்கார் 3 கோடியே 30 லட்சம் பவுன் கட்டியது. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்!

கடைசியில் என்ன நடந்தது? 2020 டிசம்பர் 24-ந் தேதி ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பயமுறுத்திய அளவுக்குக் கடைகள் காலியாகவில்லை. அதற்குச் சில நாள் முன்னால், புது வகைக் கொரோனா கிருமிக்குப் பயந்து பிரான்ஸ் எல்லையை மூடியபோது, கென்ட் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான லாரிகள் கிறிஸ்துமஸ் சமயத்தில் நடுரோட்டில் நின்றன. பல தேசத்து டிரைவர்கள் சோறு தண்ணீர் இல்லாமல் வண்டிக்குள் கிடந்தார்கள். அவர்களுக்குச் சூடாகச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் அந்த வட்டாரத்துச் சீக்கிய குருத்வாராவினரும் இருந்தார்கள். ஊருக்கே உணவு ஏற்றி வருகிறவன் பசித்துக் கிடந்தான். இந்தக் காட்சியை மறக்கவேண்டாம்.

உண்மையான தட்டுப்பாடு 2021-ல் வந்தது. சரக்குத் தட்டுப்பாடு அல்ல, தோழர்களே, கைத் தட்டுப்பாடு! சுமார் 1 லட்சம் லாரி டிரைவர்கள் குறைவு என்று லாரி முதலாளிகள் சங்கமே கணக்குச் சொல்லிற்று. கொரோனாவினால் லைசென்ஸ் பரீட்சைகள் நின்றிருந்தன. ஐரோப்பிய டிரைவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். இதெல்லாம் சேர்ந்துதான். ஆனால் உள்நாட்டிலேயே லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் பலர் ஏன் அந்தத் தொழிலை விட்டார்கள்? கூலி போதாது, நேரம் காலம் இல்லை, வழியில் குளிக்கவும் படுக்கவும் சுத்தமான இடம் இல்லை. அந்தச் செப்டம்பர் கடைசியில் பெட்ரோல் பங்குகளில் ஜனங்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். சுத்திகரிப்பு ஆலைகளில் எண்ணெய் இருந்தது. பங்குக்குக் கொண்டுவர ஆள் இல்லை. அக்டோபர் 4-ந் தேதி சுமார் 200 ராணுவத்தினரை இறக்கினார்கள்.

கை குறைந்ததும் சர்க்கார் முதலில் என்ன செய்தது? ஜூலை மாதத்திலேயே டிரைவரின் தினசரி ஓட்டும் நேரத்தை 9 மணியிலிருந்து 10 மணியாக நீட்ட அனுமதித்தது. ஆலைத் தோழர்களுக்கு இது புரியாத பாஷையா? ஆள் போதவில்லை என்றால் கூலியை உயர்த்து என்பான் தொழிலாளி. நேரத்தை உயர்த்து என்பான் முதலாளி. ஆனாலும் ஆள் கிடைக்காமல் திண்டாடியபின், முடியவே முடியாது என்றிருந்த கம்பெனிகளும் பல இடங்களில் கூலியை ஏற்றின. பணம் இல்லாமலா இருந்தது? கேட்கிற கை பலமாக இல்லை, அவ்வளவுதான்.

வயலிலும் இதே கதை. அங்கே பழமும் காயும் பறிக்க ருமேனியா, பல்கேரியாவிலிருந்து ஏழை ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வரத்துக் குறைந்ததும், 2022-ல் விளைந்த பயிர் பல பண்ணைகளில் பறிக்க ஆளில்லாமல் அழுகியது. அதற்கு முன், இறைச்சிக்கூடங்களில் வெட்ட ஆளில்லாமல், நோயற்ற பன்றிகளை ஆயிரக்கணக்கில் பண்ணையிலேயே கொன்று எறிந்தார்கள். பருவகாலத் தொழிலாளிக்கு அனுமதிச் சீட்டு 2019-ல் 2,500, 2023-ல் 45,000. இப்போது வந்தவர்கள் இன்னும் தூரத்து ஏழைகள்: நேபாளம், இந்தோனேஷியா. இவர்களில் பலர் தரகனுக்குக் கட்டக் கடன் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். ஒரு பருவக் கூலி கடனுக்கே போகிறது. வெளிநாட்டுத் தொழிலாளியை விரட்டுவோம் என்றவர்கள் விரட்டவில்லை. அவன் கழுத்துக் கயிற்றை இன்னும் இறுக்கிக் கூட்டிவந்தார்கள்.

டோவர் கப்பல்களிலும் கேளுங்கள். 2022 மார்ச் 17-ந் தேதி, துபாய் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமான பி அண்ட் ஓ பெர்ரீஸ் கம்பெனி, சுமார் 800 மாலுமிகளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. ஏஜென்சி மூலம் வந்த புதியவர்களுக்குச் சராசரி மணிக்கு ஐந்தரைப் பவுன். பிரிட்டனில் அன்றைய குறைந்தபட்சக் கூலியே 8.91 பவுன். யூனியனைக் கலக்காதது சட்டத்துக்கு விரோதம் என்று கம்பெனித் தலைவரே பார்லிமெண்ட் கமிட்டியில் ஒப்புக்கொண்டார். விலகினால் தொழிலாளிக்குப் பாதுகாப்பு என்றார்களே, எங்கே அந்தப் பாதுகாப்பு?

விலைக்கு வருவோம். 2023 மார்ச்சில் பிரிட்டனில் உணவு விலை ஓராண்டில் 19 சதவிகிதத்துக்கு மேல் ஏறியிருந்தது. யுத்தம், எரிபொருள் விலை, ஸ்பெயின், மொராக்கோ வானிலை எல்லாம் காரணம். விலகலும் தன் பங்கைச் சேர்த்தது. அதனால் மட்டும் 2019 டிசம்பர் முதல் 2023 மார்ச் வரை குடும்பத்துக்குச் சுமார் 250 பவுன் கூடுதல் உணவுச் செலவு என்று லண்டன் பொருளாதாரக் கல்லூரி ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். அந்த 2022-23 நிதியாண்டில் ட்ரஸ்ஸல் டிரஸ்ட் என்ற தர்ம ஸ்தாபனத்தின் உணவு வங்கிகள் மட்டும் சுமார் 30 லட்சம் பொட்டலம் கொடுத்தன. கடையில் பண்டம் இருந்தது. வாங்கப் பணம் இல்லை. எந்தத் தட்டுப்பாட்டைக் காட்டிப் பயமுறுத்தினார்களோ, அதைவிடப் பெரிய தட்டுப்பாடு சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது!

வேறு வழியே இல்லையா? அதே பிரிட்டன் 1940 ஜனவரியில் வெண்ணெய், சர்க்கரை, பன்றியிறைச்சிக்கு ரேஷன் கொண்டுவந்தது. 1954 ஜூலை வரை ரேஷன் நீடித்தது. ஹோட்டல் சாப்பாட்டுக்கும் 5 ஷில்லிங் உச்சவரம்பு கட்டினார்கள். யுத்தத்தில் தொழிலாளி இல்லாமல் ஜெயிக்க முடியாது; ஆகவே பங்கிட்டார்கள். அந்த சாம்ராஜ்யத்தின் கீழேயே 1943-ல் வங்காளத்தில் பங்கிட மறுத்தார்கள். சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். ஆக, இருப்பதைப் பங்கிடுவதும் பங்கிடாததும் விதி அல்ல. அதிகாரத்தில் இருப்பவன் யாருக்குப் பயப்படுகிறான் என்பதைப் பொறுத்தது.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. திருப்பூர் பனியன் பிரிட்டிஷ் கடைகளில் விற்கிறது. 2025 ஜூலை 24-ந் தேதி இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தீர்வை குறையும், ஆர்டர் பெருகும் என்கிறார்கள். பெருகட்டும். தையல் மிஷினில் இருக்கும் பெண்ணின் பீஸ் ரேட் பெருகுமா, வேலை நேரம் பெருகுமா? இதைக் கையெழுத்துப் போட்டவர்கள் சொல்லமாட்டார்கள். யூனியன்தான் கேட்கவேண்டும்.

ஆகவே தோழர்களே, உள்ளே இருப்பதா, வெளியே போவதா என்று இரண்டு முதலாளிகள் மேடை போட்டுக் கத்தும்போது, நாம் நம் கேள்விகளைத் தூக்கிப் பிடிப்போம். உணவும் மருந்தும் பொது இருப்பில் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது? பதுக்குகிறவனுக்கு என்ன தண்டனை? விலைக்கு உச்சவரம்பு உண்டா? ஏற்றுகிறவன், இறக்குகிறவன், பறிக்கிறவன் கூலி என்ன? வெளியூரிலிருந்து வந்த தொழிலாளிக்கும் அதே கூலி உண்டா?

இவற்றுக்குப் பதில் வாங்க பலம் வேண்டும். லாரி ஓடாவிட்டால் ஊர் அடுப்பு எரியாது என்பதை 2021 காட்டியது. அந்தக் கைகள் அன்று தனித்தனியாக விலகிப் போயின. அவை ஒன்றாகச் சேர்ந்தால், தட்டுப்பாடு என்ற பூச்சாண்டியை யாரும் நம்மிடம் காட்ட முடியாது.

யூனியனில் சேருங்கள்! சேர்ந்தவர்கள் பக்கத்து மிஷின்காரனையும் பக்கத்து வயல்காரியையும் சேருங்கள்!

தொழிலாளர் விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!